மேகம் வளரும்போது

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். துணிச்சிறகில் தொங்கிக்கொண்டு பறக்கிற பாராகிளைடிங் பழகி, போன அக்டோபரில் இமாச்சலில் உள்ள பீர்-பில்லிங்கில் ஒரு போட்டியில் கலந்துகொண்டான். ஒருநாள் எல்லாரும் மேலே கிளம்பிய பிறகு மேகம் கட்டிக்கொண்டதாம். இவன் பாதி வழியில் ஒரு வயலில் இறங்கிவிட்டான். பின்னால் வந்தவர்கள் இவனைத் தாண்டிப் போய்விட்டார்கள். ‘பயந்துட்டேன் மாமா’ என்று இன்னும் புலம்புகிறான். நாங்களும் வானத்தைப் பார்த்துப் பிழைக்கிறவர்கள்தான். மழை எப்படி வருமென்று தெரியாமலேதான் சம்பா போடுகிறோம். துணிந்தால்தானே விளைச்சல்? இவன் செய்தது சரியா?

க.ரா., மன்னார்குடி

அன்புள்ள க.ரா.,

உங்கள் அக்கா மகன் இறங்கியது சரி. ஆனால் அதற்கு நீங்கள் விவசாயத்தைத் துணைக்கு அழைத்ததில்தான் எனக்குக் கொஞ்சம் தகராறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பறந்ததில்லை. பில்லிங் மேட்டில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைச் சுற்று நடந்த இடம் அது. ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் ஒரு புல்சரிவு, முதுகுப்பக்கம் தவுலாதார் மலை. ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை மழைக்காகப் பறக்கத் தடை. அக்டோபர் அங்கே மழை ஓய்ந்த மாதம், நமக்குத் தொடங்குகிற மாதம்.

பாராகிளைடருக்கு இயந்திரம் கிடையாது. வெயில் பட்ட சரிவிலிருந்து கிளம்பும் சூடான காற்றில் வட்டமடித்துத்தான் மேலே ஏற வேண்டும். பங்குனியில் அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கும் நம் வயலுக்கு மேலே பருந்து சிறகசைக்காமல் சுற்றுகிறதே, அதே சங்கதிதான். கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் வயலுக்கு மேலே அது அப்படிச் சுற்றுவது அபூர்வம். வெயிலின் சூட்டில் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடுகிறது.

மேலே போன காற்றில் ஈரம் இருந்தால் மேகம் உண்டாகும். சின்ன வெள்ளை மேகம் பறப்பவருக்கு நண்பன், அதற்குக் கீழே ஏற்றம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். அதே மேகம் பக்கவாட்டில் பரவாமல் கோபுரமாக எழும்பி அடிப்பக்கம் கறுத்தால் எமன். இரண்டுக்கும் நடுவே சில சமயம் அரைமணி நேரம்கூட இருக்காது. அந்த அரைமணியில்தான் ஏற்றம் பிரமாதமாக இருக்கும், புள்ளிகளும் அங்கேதான் கிடைக்கும். பறப்பவர்கள் வேரியோ என்று ஒரு கருவி வைத்திருக்கிறார்கள். மேலே ஏறினால் ‘பீப் பீப்’ என்று கத்தும், வேகமாக ஏறினால் வேகமாகக் கத்தும். நல்ல காற்றும் மேகம் உறிஞ்சுகிற காற்றும் அதற்கு ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே குஷியில் கத்தும்.

உறிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு 2007 பிப்ரவரி சாட்சி. ஆஸ்திரேலியாவின் மனிலாவில் உலகப் போட்டிக்கு முன்பான பயிற்சிப் பறத்தலில் ஜெர்மன் வீராங்கனை எவா விஸ்நியர்ஸ்காவை ஓர் இடிமேகம் 9,946 மீட்டர் வரை தூக்கிக்கொண்டு போனது. எவரெஸ்ட்டைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். நினைவு தப்பி, பனிக்கட்டி மூடி, எப்படியோ உயிரோடு இறங்கினார். அன்று அந்த இடிமேகத்தில் சிக்கிய சீன வீரர் இறந்துபோனார். அது போட்டிகூட இல்லை, பயிற்சி.

போட்டியில் இன்னொரு வினையும் சேர்கிறது: மற்றவர்கள். நூறு பேர் ஒரே மேகத்தை நோக்கிப் போகும்போது, தனியாக இருந்தால் திரும்பியிருக்கும் ஆள்கூட ‘முன்னாடி போறவன் பார்த்துக்குவான்’ என்று போய்விடுவார். முன்னால் போகிறவரோ பின்னால் வருகிற கூட்டத்தைப் பார்த்துத் தைரியம் கொள்கிறார். அன்று புல்சரிவில் இதற்கு நேர் எதிரானதையும் பார்த்தேன். வானம் மூட்டமாக இருந்தது. முதலில் கிளம்ப யாருக்கும் மனசில்லை. எல்லாரும் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, காற்றுத்திசைக்காகக் கட்டியிருந்த ரிப்பனையும் மேலே பார்த்துவரப் போன நாலைந்து பேரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கிளம்பியதும் அடுத்த இருபது நிமிடத்தில் மேடு காலி!

இதற்காகவே பெரிய போட்டிகளில் ஒரு விதி வைத்திருக்கிறார்கள், எனக்கு மிகவும் பிடித்த விதி. பறப்பவர்கள் காற்றின் நிலைமையை ரேடியோவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்ல வேண்டும். மூன்று என்றால் ஆபத்து. அதைக் கேட்டு நடுவர் அன்றைய பந்தயத்தையே நிறுத்தலாம். நிறுத்தினால், அறிவித்த நொடியில் யார் எங்கே இருந்தார் என்று பார்ப்பதில்லை. அதற்குச் சில நிமிடங்கள் முன்னால் இருந்த இடத்துக்குத்தான் புள்ளி. கடைசி நிமிடங்களில் கறுத்த மேகத்துக்குள் தலையைக் கொடுத்தவருக்கு அதனால் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. நன்றாக யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

சரி, உங்கள் ஒப்பீட்டுக்கு வருவோம். மேட்டூர் ஜூன் 12-இல் திறக்குமா என்பதில் ஆரம்பித்து, ஐப்பசி கார்த்திகை மழையில் பயிர் மூழ்குமா என்பது வரை எல்லாம் உங்களுக்கும் கேள்விக்குறிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாற்று நட்ட பிறகு ‘இன்று காற்று சரியில்லை’ என்று நீங்கள் எங்கே இறங்குவீர்கள்? 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது விழுந்த தென்னைகளுக்கு முந்தைய நாள் நிலவரப்படி யாரும் புள்ளி போடவில்லை. பயிர்க்காப்பீட்டில்கூடக் கிராமத்தில் சில வயல்களை அறுத்துப் பார்த்துச் சராசரி போடுகிறார்கள். உங்கள் வயல் மட்டும் பாழானால் அந்தச் சராசரியில் அது தெரிவதேயில்லை. நீங்கள் துணிவது வேறு வழியில்லாமல். அவனுக்கு வழி இருக்கிறது, கீழே ஒரு வயலும் இருக்கிறது. இருக்கிற வழியைப் பயன்படுத்தியவனிடம் போய், வழியில்லாதவர்களின் துணிச்சலை அளவுகோலாக நீட்டாதீர்கள்.

தாண்டிப் போனவர்கள் பத்திரமாகச் சேர்ந்தார்களே என்று அவன் சொல்லக்கூடும். அன்று மேகம் முற்றவில்லை, அவ்வளவுதான். கீழேயிருந்து அதை முன்கூட்டிச் சொல்ல அவனுக்கும் வழியில்லை, அவர்களுக்கும் இல்லை.

அவனிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். இறங்குவதற்கு முன்னால் ரேடியோவில் எந்த எண்ணைச் சொன்னான்? மூன்று என்று சொல்லிவிட்டு இறங்கியிருந்தால், அடுத்த முறை ஊருக்கு வரும்போது நல்ல விருந்து போடுங்கள். வாயைத் திறக்காமல் இறங்கியிருந்தால் மாமா என்ற முறையில் திட்டலாம். மேலே இன்னும் அத்தனை பேர் இருந்தார்கள்.