எஸ்டிமேட் கேட்டீர்களா?

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மாதாமாதம் சம்பளத்திலேயே வரி பிடித்துவிடுகிறார்கள். வரியே கட்டாதவர்களுக்கு எல்லாம் இலவசமாகப் போகிறது. எங்கள் தெருவில் ஒழுங்கான ரோடு இல்லை. எதற்குத்தான் வரி கட்டுவது?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

எரிச்சல் நியாயம்தான். ஆனால் அந்த 'வரியே கட்டாதவர்கள்' யார்? உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மா வாங்குகிற குளியல் சோப்புக்கும் ஜிஎஸ்டி உண்டு. 2025 செப்டம்பரில் 5 சதவீதமாகக் குறையும்வரை அது 18. உங்களுக்கும் அதே 18தான். சோப்புக்கடையில் யாரும் சம்பளச் சீட்டைக் கேட்பதில்லை.

சரி, உங்கள் படிவம் 16ஐ எடுங்கள். அதில் 4 சதவீதம் 'சுகாதார, கல்வி செஸ்' என்று இருக்கும். செஸ் என்றால், ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று வரியின் மேல் போடும் கூடுதல் வரி. 2018க்கு முன் அது வேறு பெயர்களில் இருந்தது. அதில் ஒன்று, இடைநிலை, உயர்கல்விக்கென்று 2007 பட்ஜெட்டில் வந்த 1 சதவீத செஸ். பத்து வருடத்தில் 83,000 கோடிக்கு மேல் வசூல். ஆனால் அந்தப் பணத்தைப் போட்டுவைக்க ஒரு தனி நிதிகூடத் தொடங்கவில்லை என்று அரசுக் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜி அறிக்கை எழுதியது. 2017 ஆகஸ்டில்தான் அமைச்சரவை அதற்கு ஒப்புதல் கொடுத்தது. திருடிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. அரசின் மொத்தப் பணத்தோடு கலந்துவிட்டது. எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு போனது என்று பிரித்துக் காட்ட வழியில்லை. போதாக்குறைக்கு, செஸ் பணத்தில் மாநிலங்களுக்குப் பங்கும் கிடையாது. வாத்தியார் சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுப்பது மாநிலம்.

அப்புறம் ரோடு. எங்கள் தெருவில் பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே போட்டு, எங்கள் வாசற்படி இரண்டு உள்ளே போய்விட்டது. மழை பெய்தால் தண்ணீர் நேராக ஹாலுக்கு வரும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளரே எழுதியிருந்தார். போன முறை ரோடு போட்டதும் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, எஸ்டிமேட்டும், முடிந்த வேலையை அளந்து எழுதிவைக்கும் எம் புக்கும் கேட்டேன். நகல் வர இரண்டரை மாதம். சுரண்டும் வேலைக்கு எஸ்டிமேட்டில் தொகை இருந்தது. வேலை நடந்ததாக எம் புக்கிலும் அளவு ஏறியிருந்தது!

நீங்களும் அந்த இரண்டையும் கேளுங்கள். நான் நகலோடு போய் நின்றபோது ஒப்பந்தக்காரர் கோபப்படவே இல்லை. "என்ன சார், உங்க வாசல்ல மட்டும் வேணா சுரண்டித் தரட்டுமா?" என்றார்.