கவாத்துக் கத்தரி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

பேராக், சுங்கை சிப்புட் வாசகர் ஒருவரின் கேள்வி: மலிவாக வாங்கிய செடி வெட்டும் கத்தரி மூன்றே மாதங்களில் துருவேறிவிட்டது. செம்பருத்திக் கிளையை வெட்டினால் தண்டு நசுங்குகிறது. அடுத்து எதைப் பார்த்து வாங்குவது?

தண்டு நசுங்குவதைப் பார்த்தால், உங்களிடம் இருப்பது ஆன்வில் வகையாக இருக்கலாம். அதில் ஒற்றை அலகு தட்டையான தகட்டின் மீது இறங்குவதால், பச்சைக் கிளை அறுபடுவதற்கு முன்பே பிழியப்படுகிறது. காய்ந்த குச்சிகளுக்கு அது போதும். செம்பருத்தி, மல்லிகை, எலுமிச்சை போன்றவற்றுக்கு இரண்டு அலகுகள் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் பைபாஸ் வகையே ஏற்றது. வெட்டும்போது கூரிய அலகு செடியில் எஞ்சும் பகுதியை ஒட்டி இருந்தால், நசுங்கல் கழிக்கும் துண்டோடு போய்விடும். பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர்கள், வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மழுங்கிய கத்தி பட்டையை என்ன செய்யும் என்பதை அவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

கடையில் கத்தரியை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அலகுகளுக்கு இடையே இடைவெளி தெரியக்கூடாது. நுனியால் ஒரு தாளை வெட்டும்போது தாள் மடிந்தால் அதை வாங்க வேண்டாம். அலகுகள் சேரும் இடத்தில் ஆணி அடித்து இறுக்கியிருந்தால் பிரிக்க முடியாது என்பதால், திருகாணி போட்டதையே தேர்ந்தெடுங்கள். அலகும் சுருள்வில்லும் (ஸ்பிரிங்) தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். சுவிட்சர்லாந்தின் ஃபெல்கோ கத்தரிகளுக்கு உதிரிப் பாகங்கள் உண்டு; இடக்கையருக்கென அதன் 9ஆம் எண் கத்தரி இருக்கிறது. விலை அதிகம்தான், ஆனால் அலகை மட்டும் மாற்றிப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம்.

துருவுக்கு நம் ஊர் ஈரம் பாதிக் காரணம், துடைக்காமல் வைப்பது மீதி. கார்பன் எஃகு நன்றாகக் கூரேறும், ஆனால் எளிதில் துருப்பிடிக்கும். துடைக்கும் பழக்கம் இல்லையென்றால் துருப்பிடிக்காத எஃகையே வாங்குங்கள். வேலை முடிந்ததும் பிசினைத் துடைத்து, உலர்ந்த அலகில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். நோயுற்ற கிளையை வெட்டியபின் 70 விழுக்காடு ஆல்கஹாலால் துடைப்பது நல்லது. குளோரின் கரைசல் உலோகத்தை அரிக்கும். தீட்டும்போது சாய்வான பக்கத்தை மட்டும், முன்பிருந்த சாய்விலேயே தீட்டுங்கள்.

கட்டைவிரல் பருமனைத் தாண்டிய ரம்புத்தான் கிளைக்கு எந்தக் கைக்கத்தரியும் உதவாது. கத்தரியை முறுக்கி வெட்ட முயன்றால் அலகு விலகிவிடும். அதற்கு மடக்கு ரம்பத்தைப் பயன்படுத்துங்கள்.