கோழிக்கும் பூனைக்கும் வைரஸால் ரத்தப் புற்றுநோய் வருகிறதே, மனிதர்களுக்கும் அப்படித்தானா?

பெரும்பாலும் இல்லை. நமக்கு வரும் ரத்தப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் எந்த வைரஸும் கண்டறியப்படவில்லை.

1908-இல் டென்மார்க்கில் எல்லர்மேன், பேங்க் என்ற இரு ஆய்வாளர்கள், லுகேமியா (ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) வந்த கோழிகளிலிருந்து எடுத்த சாற்றைச் செல்களே இல்லாதபடி வடிகட்டி, நல்ல கோழிகளுக்குச் செலுத்தினார்கள். அவற்றுக்கும் நோய் வந்தது; அதாவது நோயைக் கடத்தியது செல் அல்ல, அதைவிடச் சிறிய வைரஸ். 1951-இல் லுட்விக் கிராஸ் சுண்டெலிகளில் இதையே காட்டினார். அப்புறம் பூனை, மாடு. சரி, மனிதர்களிடமும் இருக்குமே என்று தேடியதில், 1980-இல் ராபர்ட் காலோவின் குழு எச்டிஎல்வி-1 வைரஸை அறிவித்தது. அது டி-செல் என்ற வெள்ளணுக்களில் வரும் ஒரு அரிய லுகேமியாவை உண்டாக்கும். ஆனால் தொற்றியவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்குத்தான், அதுவும் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் கழித்து. எப்ஸ்டீன்-பார் வைரஸுக்கும் சில லிம்ஃபோமாக்களோடு (நிணநீர் மண்டலப் புற்றுநோய்கள்) தொடர்பு உண்டு.

ஆனால் இந்த ஆய்வுகள் தந்த பெரிய பலன் வேறு என்பேன். விலங்கு வைரஸ்கள் சில சுமக்கும் புற்றுநோய் மரபணுக்கள், சாதாரண செல்லிலிருந்து அவை எப்போதோ அள்ளிக்கொண்டவை! 1976-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பிஷப், வார்மஸ் குழுவினர் இதைக் கோழிகளின் வைரஸில் காட்டினார்கள். சுண்டெலி லுகேமியா வைரஸ் ஒன்றில் கிடைத்த ஏபிஎல் மரபணு நம்முடைய 9-ஆம் குரோமோசோமிலும் இருக்கிறது. அது உடைந்து 22-ஆம் குரோமோசோமில் போய் ஒட்டினால், வைரஸ் இல்லாமலே நாள்பட்ட மைலாய்டு லுகேமியா வரும். அப்படி ஒட்டிய மரபணு உண்டாக்கும் புரதத்தை முடக்கும் இமாடினிப் மருந்து 2001-இல் அனுமதி பெற்றது. எத்தனையோ பேர் அந்த மாத்திரையோடு பல்லாண்டுகளாக வாழ்கிறார்கள்.

இன்னொன்று: லுகேமியா உள்ளவரைத் தொடுவதாலோ அவரோடு சாப்பிடுவதாலோ நோய் தொற்றாது. தயவுசெய்து அவர்களை ஒதுக்கி வைக்காதீர்கள்.