600 டாலருக்குப் பழைய பின்பால்: டார்ச் எடுத்துட்டுப் போங்க

சிகாகோ பக்கம் 600 டாலருக்குள்ள, நாமளே ரிப்பேர் பண்ணிக்கற மாதிரி பின்பால் மெஷின் (இரும்புக் குண்டைத் தட்டி ஆடுற ஆர்கேட் மெஷின்) தேடுறதாவும், ஓடாத 1977 பேலி 'எய்ட் பால்' ஒண்ணு கண்ணுல பட்டதாவும் எழுதியிருந்தீங்க. கொடுத்து வெச்ச ஊர் சார் அது! பேலி, வில்லியம்ஸ், காட்லீப்னு பெரிய கம்பெனி மெஷின் எல்லாமே அங்க செஞ்சதுதான். எய்ட் பால் 20,000க்கு மேல வந்த மாடல், பாகத்துக்குத் திண்டாட வேண்டாம்.

விக்கறவங்க "ஒரு ஃப்யூஸ்தான் போச்சு"ம்பாங்க. நம்பாதீங்க. நானும் நம்பி வாங்கினவன்தான். மெஷின் மேல நிமிர்ந்து நிக்கற தலைப்பெட்டியைத் திறந்து மெயின் போர்டுல பற்றவெச்ச பேட்டரியை டார்ச் அடிச்சுப் பாருங்க. சுத்தி பச்சை பூத்திருந்தா, காரம் கசிஞ்சு செம்புத் தடத்தை அரிச்சிருக்கு. அதுக்காக ஓடிடாதீங்க, மாற்று போர்டு புதுசாவே கிடைக்கும். அதைச் சொல்லியே விலையைக் குறைங்க.

எனக்குப் பயம் வேற ரெண்டுலதான்: தலைப்பெட்டிக் கண்ணாடியில இருக்கற படம் உரிஞ்சிருக்கறது, குண்டு உருள்ற ஆடுதளத்துல மரம் தெரியத் தேய்ஞ்சிருக்கறது. இது ரெண்டும் மோசமா இருந்தா விட்டுடுங்க.

இது அமையலேன்னா, மெஷின் ரிப்பேர் பண்றவங்ககிட்டயே கேளுங்க. பாதியில நிறுத்தினது ரெண்டு மூணு கராஜ்ல தூங்கிட்டிருக்கும். தூக்க ரெண்டு ஆள் வேணும், 100 கிலோவுக்கு மேல இருக்கும். நாலு காலையும் முதல்ல கழட்டிடுங்க.