தோணி ஒன்று, குற்றம் இரண்டு

அன்புள்ள ஐயாவுக்கு,

என் பெரியம்மாவின் குடும்பம் 1990 இல் திருகோணமலையிலிருந்து மன்னாருக்குப் போய், அங்கிருந்து தோணியில் இராமேஸ்வரம் சேர்ந்தது. இன்றுவரை தமிழ்நாட்டு முகாமில்தான் இருக்கிறார்கள். இந்தியா 2025 இல் கொண்டுவந்த குடிவரவு, வெளிநாட்டினர் சட்டத்தால் அவர்களுக்கு என்ன நேருமோ என்று வீட்டில் எல்லோரும் கலங்குகிறோம். ஆனாலும், ஒரு நாடு தன் எல்லையைக் காக்கக் கடுமையான சட்டம் இயற்றுவதில் என்ன பிழை என்றும் எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்தை எழுதுவீர்களா?

வாசகர் ஒருவர், நிலாவெளி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பெரியம்மாவின் விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2025 மார்ச்சில் சட்டமூலமாக முன்வைக்கப்பட்டு, செப்டெம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், 1946 ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களை நீக்கிவிட்டது. உரிய கடவுச்சீட்டோ விசாவோ இன்றி நுழைபவருக்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறையோ, ஐந்து இலட்சம் இந்திய ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆயினும், 2015 ஜனவரி 9 வரை அங்கே தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு அந்தத் தண்டனைகளிலிருந்து இந்திய அரசு ஓர் ஆணை மூலம் விலக்கு அளித்திருக்கிறது. பெரியம்மாவின் முகாம் பதிவு ஒழுங்காக இருந்தால் நீங்கள் அஞ்சவேண்டியதில்லை.

ஆனால் அந்த விலக்கு அவருக்கு வதிவிட உரிமையையோ குடியுரிமையையோ தரவில்லை. ஆணையாக வந்தது இன்னோர் ஆணையால் போகவும் கூடும். 2019 ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்த ஆறு மதத்தவருக்கு வழிவிட்டபோது இலங்கையைச் சேர்க்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே முகாமில் வாழ்ந்தவரும் சட்டத்தின் பார்வையில் ஆவணமின்றி வந்த வெளிநாட்டவர்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லையைக் காப்பதில் பிழையில்லை. போதைப்பொருளையும் ஆட்கடத்தலையும் எந்த நாடு அனுமதிக்கும்? எனக்குள்ள மறுப்பு, வந்தவரிடம் ‘ஏன் வந்தாய்’ என்று கேட்க இடம் வைக்காத சட்டத்தைப் பற்றியது. இந்தியாவும் இலங்கையும் 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. அகதி யார் என்று வரையறுக்கும் சட்டம் இரண்டு கரையிலும் இல்லை. 2024 டிசம்பரில் முள்ளிவாய்க்கால் கரையோரம் வந்த படகிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்களைக் இலங்கைக் கடற்படையினர் நம் திருகோணமலைத் துறைமுகத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். பசியோடு வந்திறங்கிய குழந்தைகளையும், களவாகச் சரக்கு ஏற்றி வருபவனையும் நாம் அணுகியது குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் என்ற ஒரே சட்டத்தின் வழியாகத்தான்.

அந்தச் சட்டத்தின் பிறப்பையும் சொல்லவேண்டும். மலையகத் தமிழரைப் பெருமளவில் நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம் 1948 இல் 18 ஆம் இலக்கம். இந்தக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் அதே ஆண்டில் 20 ஆம் இலக்கம். இந்தியாவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளியைக் ‘கள்ளத்தோணி’ என்று ஏசிய காலம் அது. வடக்குக் கிழக்குத் தமிழரான நம்மவரின் வாயிலும் அந்தச் சொல் தாராளமாகப் புழங்கியது என்பதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. பின்னர் நாமே தோணி ஏறினோம்.

அங்கே நுழைந்தது குற்றமென்றால், இங்கே புறப்பட்டதும் குற்றம். அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் அல்லது விமான நிலையம் வழியாகவே நாட்டைவிட்டுச் செல்லவேண்டும் என்கிறது நம் சட்டம். மீறினால் ஐந்து ஆண்டுகள் வரை சிறையும் இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. நடைமுறையில் நீதவான் பெரும்பாலும் தண்டப்பணத்தோடு விட்டுவிடுவார் என்பது உண்மைதான். ஆனால் 2025 மே மாதத்தில், தமிழ்நாட்டு முகாமிலிருந்து முறைப்படி திரும்பிய, எழுபது வயதைக் கடந்த ஒருவரைப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். எறிகணை விழுந்த போர் நாட்களில் குடிவரவு அலுவலகத்தைத் தேடிப் போயிருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தார்களோ என்னவோ.

எல்லைச் சட்டத்தைக் கடுமையாக்க நினைப்பவர்கள், உயிருக்குப் பயந்து ஓடியவரைத் தண்டனையிலிருந்து நீக்கும் ஒரு பிரிவை அந்தச் சட்டத்திலேயே எழுதட்டும், நானும் கைதூக்குவேன்.

பெரியம்மா திரும்பிவர எண்ணினால், பயணச்சீட்டு எடுக்குமுன் சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகராலயத்தில் பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளின் பிறப்பையும் அங்கேயே பதிந்து குடியுரிமைச் சான்றிதழ் பெறவேண்டும். பழைய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி ஏதும் உங்கள் வீட்டுப் பெட்டியில் கிடந்தால் இப்போதே பிரதி எடுத்து அனுப்பிவிடுங்கள்.