ஆக்சிஜனின் மூன்றாவது கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளியை விட்டு இருபது வருடம் கழித்து மறுபடி வேதியியல் படிக்கிறேன். நீர், மீத்தேன், கார்பன் டைஆக்சைடு மூன்றுக்கும் லூயிஸ் அமைப்பு (வெளிக்கூட்டு எலக்ட்ரான்களைப் புள்ளியாகவும் பிணைப்பைக் கோடாகவும் காட்டும் படம்) வரைந்துவிட்டேன். கார்பன் மோனாக்சைடில் நிற்கிறேன். ஆக்சிஜனுக்கு இரண்டு கைதான், அதாவது இரண்டு பிணைப்புதான் என்பதால் நடுவில் இரண்டு கோடு போட்டேன். எண்ணிப் பார்த்தால் கார்பனைச் சுற்றி ஆறு எலக்ட்ரான்தான் வருகிறது. புத்தகத்திலோ மூன்று கோடு. மூன்றாவது கை எங்கிருந்து வந்தது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வரைந்ததோடு விடாமல் எண்ணிப் பார்த்தீர்களே, அதிலேயே பாதி வேலை முடிந்தது. உங்களைத் தடுப்பது அந்தக் 'கை' என்ற சொல்தான். நீரிலும் மீத்தேனிலும் அது நன்றாக உதவும். இங்கே அதை ஒதுக்கிவையுங்கள்.

முதலில் எல்லா எலக்ட்ரானையும் ஒரே குவியலாகச் சேருங்கள். கார்பனின் வெளிக்கூட்டில் 4, ஆக்சிஜனில் 6. மொத்தம் 10, அதாவது ஐந்து ஜோடி. கடைசிவரை இந்தப் பத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஒவ்வொரு அணுவைச் சுற்றியும் எட்டு வர வேண்டும், அதுதான் குறி.

இரண்டு அணுக்களுக்கும் நடுவே ஒரு ஜோடி வையுங்கள். மிச்சம் எட்டு. ஆக்சிஜனைச் சுற்றி மூன்று ஜோடி, மீதி ஒரு ஜோடி கார்பனுக்கு. ஆக்சிஜனுக்கு எட்டு நிறைந்துவிட்டது, கார்பனிடம் நான்குதான். சரி, ஆக்சிஜனின் தனித்த ஜோடி (பிணைப்பில் சேராத ஜோடி) ஒன்றை நடுவே நகர்த்துங்கள். கார்பனுக்கு ஆறு. நீங்கள் நின்றது இங்கேதான். இன்னொரு ஜோடியையும் நகர்த்துங்கள். நடுவில் மூன்று ஜோடி, இரண்டு பக்கமும் தனித்த ஜோடி ஒவ்வொன்று. இப்போது இருவருக்கும் எட்டு, மொத்தம் அதே பத்து.

1916இல் கில்பர்ட் லூயிஸ் சொன்னது, இரண்டு அணுக்கள் பொதுவில் வைத்துக்கொள்ளும் ஒரு ஜோடி எலக்ட்ரான்தான் பிணைப்பு என்பது. ஆளுக்கொன்று போட வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. இரண்டையும் ஒரே அணு தரலாம். பாடத்தில் ஈதல் சகப்பிணைப்பு என்று வருவது இதுதான். உங்கள் மூன்றாவது கோடு ஆக்சிஜன் தந்த ஜோடி என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த எலக்ட்ரான் யாருடையது என்று பிறகு அடையாளம் சொல்ல முடியாது.

அப்புறம் முறைசார் மின்சுமையையும் போட்டுப் பாருங்கள். அணு கொண்டுவந்த எலக்ட்ரானுக்கும் இப்போது அதன் கணக்கில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் அது. தனித்த ஜோடி முழுதாக, பிணைப்பு ஜோடியில் பாதி. அப்படிப் பார்த்தால் இரண்டு அணுவுக்கும் கணக்கில் ஐந்து. ஆறோடு வந்த ஆக்சிஜனுக்கு +1, நான்கோடு வந்த கார்பனுக்கு −1. எலக்ட்ரானை அதிகம் இழுக்கும் ஆக்சிஜன் நேர்மின் பக்கமா என்று தோன்றும். எனக்கு இந்த மூலக்கூறின்மேல் தனிப் பிரியம் வந்ததே இதனால்தான். அளந்து பார்த்தால் இருமுனைத் திருப்புத்திறன், அதாவது மின்சுமை இரு முனைகளுக்கும் பிரிந்திருக்கும் அளவு, டெபாய் என்ற அலகில் வெறும் 0.11. ஆக்சிஜனின் இழுப்பு கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சமன்செய்துவிடுகிறது. மிஞ்சும் அந்தச் சிறு அளவிலும் கார்பன் பக்கமே எதிர்மின் முனை. ஹீமோகுளோபினின் இரும்போடு இந்த வாயு ஒட்டிக்கொள்வதும் கார்பன் பக்கத்துத் தனித்த ஜோடியால்தான்.

மூன்று கோட்டுக்கு நேரடிச் சான்றும் உண்டு. கார்பன் டைஆக்சைடில் இரட்டைப் பிணைப்பின் நீளம் 1.16 ஆங்ஸ்ட்ராம். இங்கே 1.13தான். பிணைப்பு கூடக் கூட அணுக்கள் நெருங்கும்.

அடுத்து சயனைடு அயனியை வரையுங்கள். கார்பனின் 4, நைட்ரஜனின் 5, எதிர்மின்சுமைக்காக இன்னும் ஒன்று. அங்கேயும் பத்துதான்.