மூடிப்போன ஆலையின் வரலாற்றை ஊர்க்காரர்களே சேர்ந்து டிஜிட்டலாகத் தொகுக்க எங்கே தொடங்குவது?

ஸ்கேனரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் அங்கே வேலை பார்த்த பெரியவர்களைப் பிடியுங்கள். காகிதம் இன்னும் சில வருடம் தாங்கும், ஞாபகம் தாங்காது. "வேலை எப்படி இருந்தது?" என்று மொட்டையாகக் கேட்டால் "நல்லாத்தான் இருந்தது" என்று முடித்துவிடுவார்கள். ஒரு பழைய படத்தைக் கையில் கொடுத்து, இந்த மெஷினை யார் ஓட்டினார்கள், அந்தச் சத்தத்தில் எப்படிப் பேசிக்கொண்டீர்கள் என்று கேளுங்கள், கொட்டுவார்கள். ஒலியை, சுருக்கிச் சேமிக்கும் எம்பி3 ஆக அல்லாமல், சுருக்காத வேவ் (WAV) கோப்பாகப் பதியுங்கள். பேட்டியைப் பொதுவில் வைக்க எழுத்தில் சம்மதமும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

படங்களை 600 டிபிஐ (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில், தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து; பெயரும் தேதியும் பல நேரம் அங்கேதான் கிறுக்கியிருக்கும். அசலை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் (கொடுக்கத் தயங்குபவர்கள்கூட இதைச் சொன்னால் இறங்கி வருவார்கள்). ஒவ்வொரு கோப்பின் விவரங்களைக் குறிக்க, தலைப்பு, தேதி போன்ற 15 புலங்கள் கொண்ட டப்ளின் கோர் (Dublin Core) தரநிலையே போதும், அதை அப்படியே ஏற்று, தொகுப்பை இணையத்தில் வைக்க உதவும் ஒமேகா (Omeka) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, சர்வர் செலவு மட்டும் தனி. ஃபேஸ்புக் குழுவில் போட்டு வைப்பதெல்லாம் காப்பகம் ஆகாது, அது படத்தைச் சுருக்கிவிடும். எப்போதும் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அதில் 1 வேறு கட்டடத்தில் இருக்கட்டும்.